பயிற்சிக்காகப் பிறந்த ஆட்டம்

கல்லூரியில் நான் படித்தது இரண்டே வருஷம். அந்த இரண்டு வருஷத்தில் ஒரே ஒரு வித்தையில்தான் பூரணத் தேர்ச்சி பெற்றேன். காலை ஆறு மணி டிரில் வகுப்புக்குப் போகாமல் தப்பிப்பது எப்படி என்பதுதான் அந்த வித்தை. ஒரு நாள் தலைவலி, ஒரு நாள் வயிற்றுவலி, இன்னொரு நாள் ஊரில் பாட்டிக்கு உடம்பு சரியில்லை. பாட்டி, பாவம், அந்த இரண்டு வருஷத்தில் ஏழெட்டுத் தடவை சாகக் கிடந்து பிழைத்தாள். அப்படிப்பட்டவன் இன்று தேகப்பயிற்சியின் சரித்திரத்தை எழுத உட்கார்ந்திருக்கிறான் என்று கேள்விப்பட்டால், எங்கள் பழைய டிரில் மாஸ்டர் வாய்விட்டுச் சிரிப்பார்.

சிரிக்கட்டும். ஆனால் மெல்போர்ன் நகரத்தில் ஒரு டிசம்பர் மாதக் காலையில் நான் கண்ட காட்சியை அவர் கண்டிருந்தால் நிச்சயம் சிரித்திருக்க மாட்டார்.

என் அண்ணன் மகன் அந்த ஊரில் உத்தியோகம் பார்க்கிறான். அவனைப் பார்க்கப் போயிருந்தேன். நம் ஊரில் அது மார்கழி. போர்வைக்குள் சுருண்டு கிடக்கும் காலம். அங்கேயோ டிசம்பர் என்றால் கடும் கோடை. காலை எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று அடித்தது. நாங்கள் உலாவப் போன வழியில் முட்டை வடிவத்தில் ஒரு பெரிய புல்வெளி மைதானம். அதைச் சுற்றி நாற்பது வாலிபர்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். வெளியே இடுப்பளவு வேலி. அந்த வேலியில் முழங்கையை ஊன்றிக்கொண்டு தொப்பி வைத்த கிழவர்கள், பையன்கள், கையில் காப்பிக் கோப்பையுடன் இரண்டு மூன்று பெண்கள், ஒரு நாய்.

"இன்று யாருக்கும் யாருக்கும் ஆட்டம்?" என்று கேட்டேன்.

"ஆட்டமா? ஆட்டத்துக்கு இன்னும் மூன்று மாசம் கிடக்கிறது, சித்தப்பா. இது வெறும் பயிற்சி."

"பயிற்சியைப் பார்க்கவா இத்தனை கூட்டம்?"

"இந்த ஊர்க்காரர்களுக்கு இது ஒரு பைத்தியம்" என்றான் அவன்.

ஓடுகிறவர்களின் முகத்தைப் பார்த்தேன். வேர்வை கொட்டியது. ஒருவன் ஓரமாகப் போய்க் குனிந்து வாந்தியெடுத்தான். வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஓடினான். மூன்று மாசம் கழித்து வரப்போகும் ஒரு ஆட்டத்துக்காக ஒரு மனிதன் இவ்வளவு பாடுபடுவானேன்? அப்படிப் பாடுபடச் சொல்ல இன்னொரு மனிதனுக்கு எவ்வளவு தூரம் அதிகாரம் உண்டு? இந்தக் கேள்வி என் மனத்தில் புகுந்துகொண்டது. ஊருக்குத் திரும்பிய பிறகு கிடைத்த புத்தகங்களையெல்லாம் படித்துப் பார்த்தேன். அப்போது தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. நாவல் எழுதுகிறவன் கற்பனையாகச் சொன்னால்கூட வாசகர்கள் நம்பமாட்டார்கள், அவ்வளவு வேடிக்கையானது.

அந்த ஆட்டமே ஒரு காலத்தில் வேறொரு ஆட்டத்துக்கான பயிற்சியாகத்தான் பிறந்தது!

ஆட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியக் கால்பந்து நமக்குத் தெரிந்த கால்பந்து அல்ல. பந்து உருண்டையில்லை; முட்டை போல நீண்டது. மைதானமும் நீள்வட்டம். பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர். பந்தைக் காலால் உதைக்கலாம், கையால் பிடிக்கலாம், கையிலேந்திக்கொண்டு ஓடலாம். ஆனால் எறியக் கூடாது. ஒரு கையில் வைத்து மறு கை முஷ்டியால் குத்தித்தான் அனுப்பவேண்டும். பந்தோடு ஓடுகிறவன் பதினைந்து மீட்டருக்கு ஒரு முறை அதைத் தரையில் தட்டிப் பிடிக்கவேண்டும். முட்டைப் பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்பது பிரம்மதேவனுக்கே தெரியாது. எதிராளியின் முதுகில் முழங்காலை ஊன்றி, ஆகாயத்தில் எழும்பிப் பந்தைப் பிடிப்பார்கள். பார்க்கிறவர்கள் மெய்ம்மறந்து போவார்கள். நடுக்களத்தில் ஆடுகிறவன் ஒரே ஆட்டத்தில் பன்னிரண்டு, பதின்மூன்று கிலோமீட்டர் ஓடிவிடுகிறான். இத்தனையும் தெரிந்தால்தான் பயிற்சியின் அவசியம் புரியும்.

இனி 1858-ம் வருஷத்துக்குப் போவோம். தங்கம் கிடைத்ததனால் மெல்போர்ன் நகரம் திடீரென்று வீங்கிப் பெருத்திருந்த சமயம். அங்கே டாம் வில்ஸ் என்று ஒரு வாலிபர், வயது இருபத்திரண்டு. ஆஸ்திரேலியாவிலேயே பிறந்து, இங்கிலாந்தில் ரக்பி பள்ளிக்கூடத்தில் படித்து, அங்கே கிரிக்கெட் கோஷ்டிக்குத் தலைவராக இருந்துவிட்டுத் திரும்பியவர். விக்டோரியா மாகாணத்தின் தலைசிறந்த கிரிக்கெட் வீரர் என்று பெயரெடுத்தவர். அவருக்கு ஒரு மனக்குறை. கோடையில் அபாரமாக ஆடும் கிரிக்கெட்காரர்கள் குளிர்காலம் வந்ததும் கூட்டுப்புழு மாதிரி சுருண்டு படுத்துவிடுகிறார்கள். அடுத்த கோடையில் கனத்த உடம்பும் மூச்சிரைப்புமாக வந்து நிற்கிறார்கள். இதற்கு ஒரு பரிகாரம் வேண்டாமா?

அந்த வருஷம் ஜூலை 10-ந் தேதி வெளியான ஒரு விளையாட்டுப் பத்திரிகையில் அவர் எழுதிய கடிதம் அச்சாயிற்று. குளிர்காலத்தில் கைகால் விறைத்துப் போகாமல் இருக்க ஒரு கால்பந்து கிளப் ஆரம்பிக்கலாம் என்று அதில் யோசனை சொல்லியிருந்தார். அது முடியாவிட்டால் துப்பாக்கி சுடும் கிளப்பாவது ஆரம்பிக்கலாமாம்! யாராவது அன்று துப்பாக்கிதான் வேண்டுமென்று பிடிவாதம் பிடித்திருந்தால் இந்த ஆட்டம் பிறந்தே இருக்காது. ஆட்டக்காரர்கள் மிதித்தால் கிரிக்கெட் மைதானத்துப் புல்லுக்கும் நல்லது என்று ஒரு வாதத்தையும் அவர் சேர்த்திருந்தார். மைதானத்தின் சொந்தக்காரர்கள் அதை லேசில் நம்பவில்லை. கால்பந்துக்காரர்கள் வெகு காலம் வெளியே இருந்த பூங்காவில், மரங்களுக்கு நடுவே ஆடவேண்டியிருந்தது.

ஆகஸ்டு 7-ந் தேதி இரண்டு பள்ளிக்கூடங்கள் மோதின. பக்கத்துக்கு நாற்பது பேர். மத்தியஸ்தம் செய்த இருவரில் ஒருவர் வில்ஸ். மற்றவர் ஜான் மக்காடம் என்ற ரசாயன ஆசிரியர். கடையில் விற்கும் மக்காடமியா கொட்டைக்கு அவர் பெயர்தான் வைத்திருக்கிறது. மூன்று சனிக்கிழமைகள் ஆடியும் இரண்டு பக்கமும் ஆளுக்கு ஒரு கோல்தான் போட்டது; வெற்றி தோல்வி ஏற்படவில்லை. மறு வருஷம், 1859 மே 17-ந் தேதி, வில்ஸும் நண்பர்களும் ஒரு ஹோட்டலில் உட்கார்ந்து பத்து விதிகளை எழுதினார்கள். ஆட்டம் நிலைபெற்றுவிட்டது.

வில்ஸின் பால்யம் விக்டோரியாவின் மேற்கே, ஆதிவாசிக் குழந்தைகளோடு ஓடி ஆடிக் கழிந்தது. அவர்களுடைய பாஷையை அவர் பேசுவார். ஆதிவாசிகளிடம் தோல் பந்தை உதைத்துத் தாவிப் பிடிக்கும் விளையாட்டு ஒன்று உண்டு. புதிய ஆட்டத்தில் அதன் சாயல் இருக்கிறதா, இல்லையா என்று சரித்திராசிரியர்கள் இன்றுவரை வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் அவர் வாழ்க்கையில் பிற்பாடு நடந்தவை வாதத்துக்கு அப்பாற்பட்டவை. 1861-ல் குவீன்ஸ்லாந்தில் புதிதாகக் குடியேறிய இடத்தில் ஆதிவாசிகள் தாக்கி, அவருடைய தந்தை உள்படப் பத்தொன்பது பேரைக் கொன்றார்கள். சாமான் வாங்க வெளியே போயிருந்ததால் மகன் தப்பினார். அதற்குப் பழிவாங்கப் புறப்பட்டவர்கள் கொன்ற ஆதிவாசிகளின் எண்ணிக்கை அதைப்போல் பல மடங்கு. தகப்பனைப் பறிகொடுத்த அதே டாம் வில்ஸ், ஐந்து வருஷம் கழித்து, ஆதிவாசிகளின் கிரிக்கெட் கோஷ்டி ஒன்றுக்குப் பயிற்சி கொடுத்து, 1866 டிசம்பர் 26-ந் தேதி மெல்போர்ன் மைதானத்தில் அவர்களுக்குத் தலைமை தாங்கி ஆடினார்! மனித மனத்தின் ஆழத்தை யார் அளந்து சொல்ல முடியும்?

கடைசியில் குடி அவரை விழுங்கியது. 1880 மே மாதம், நாற்பத்துநாலு வயதில், தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். மற்றவர்களின் உடம்பு துருப்பிடிக்கக் கூடாது என்று கவலைப்பட்ட மனிதரின் உள்ளத்தில் படிந்த துருவைத் துடைக்க ஒருவரும் இல்லை. அந்த ஆட்டத்தின் சரித்திரத்தில் இந்தக் குறை மறுபடியும் தலைகாட்டப் போகிறது.

குளிர்காலப் பொழுதுபோக்காக வந்த ஆட்டம் நாளடைவில் வீட்டு எஜமானன் ஆயிற்று. 1897-ல் எட்டு கிளப்புகள் சேர்ந்து விக்டோரியா லீக் பந்தயத்தைத் தொடங்கின. 1902-ல் கார்ல்டன் கிளப்பின் காரியதரிசியாக ஜாக் வொரால் வந்தார். அவரும் பழைய கிரிக்கெட்காரர்தான். ஆஸ்திரேலியாவுக்காகப் பதினொரு டெஸ்டு ஆட்டங்கள் ஆடியவர். அதுவரை பயிற்சி என்பது காப்டன் சொன்னால் உண்டு, சொல்லாவிட்டால் இல்லை. வொரால் அதை மாற்றினார். ஆட்டக்காரர்களைத் தேடிப் பிடித்து, ஒழுங்காக ஓடவைத்து, குடியைக் கண்டித்தார். கார்ல்டன் 1906, 1907, 1908 ஆகிய மூன்று வருஷங்களும் வரிசையாக ஜயித்தது. லீக்கின் முதல் பயிற்சியாளர் என்று இன்று அவரைத்தான் சொல்கிறார்கள். அதற்குப் பலன் என்ன தெரியுமா? கெடுபிடி தாங்கவில்லை, காசும் போதவில்லை என்று ஆட்டக்காரர்கள் முணுமுணுத்தார்கள். 1909-ல் அவர் விலகவேண்டியதாயிற்று. கோப்பை வாங்கிக் கொடுத்தவருக்கும் கோபத்திலிருந்து விலக்கு இல்லை.

அந்தக் காலத்து ஆட்டக்காரர்களுக்குப் பந்து சோறு போடவில்லை. 1930-ல் லீக் ஒரு சட்டம் போட்டது: எவ்வளவு பெரிய சூரனானாலும் ஆட்டத்துக்கு மூன்று பவுனுக்கு மேல் கொடுக்கக் கூடாது. ஆகவே தொழிற்சாலையிலும் கடையிலும் பகலெல்லாம் உழைத்துவிட்டு, செவ்வாய்க்கிழமையும் வியாழக்கிழமையும் மாலையில் மைதானத்துக்கு வருவார்கள். பெரிய வட்டமாக ஓடிக்கொண்டே ஒருவருக்கொருவர் பந்தை உதைத்துக் கொடுத்துப் பிடிப்பதுதான் பிரதானப் பயிற்சி. பிறகு உடம்பில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். கோடையில் அவர்களைத் தேடுவதானால் கிரிக்கெட் மைதானத்துக்குத்தான் போகவேண்டும். பலர் இரண்டும் ஆடினார்கள்.

இந்த நிதானத்தைக் கலைத்தவர்களில் முக்கியமானவர் ஜான் கென்னடி. தொழிலில் பள்ளிக்கூட வாத்தியார். ஹாதார்ன் என்ற கிளப்பில் 1950 முதல் 1959 வரை ஆடினார். அவர் சேர்ந்த 1950-ல் அந்தக் கிளப் ஒரு ஆட்டம்கூட ஜயிக்கவில்லை! 1925-ல் லீக்கில் நுழைந்த நாள் முதல் அதற்குக் கோப்பை கிடைத்ததே இல்லை. 1960-ல் கென்னடி பயிற்சியாளரானார். நேற்றுவரை தம்மோடு தோளோடு தோள் நின்று ஆடியவர்களைப் பார்த்து, "திறமையில் நாம் மட்டமாக இருக்கலாம், மூச்சில் மட்டமாக இருக்கவேண்டியதில்லை" என்பது போன்ற ஒரு முடிவுக்கு அவர் வந்திருக்கவேண்டும். பந்தய காலம் தொடங்குமுன்பே அவர் கொடுத்த பயிற்சியைப் பார்த்துப் பத்திரிகைகள் "கென்னடியின் கமாண்டோக்கள்" என்று பெயர் சூட்டின. யுத்தத்துக்குத் தயார் செய்வது போல் இருந்ததாம்.

1961-ம் வருஷ இறுதி ஆட்டத்தில் ஹாதார்னும் புட்ஸ்கிரேயும் மோதின. ஒரு லட்சத்துக்கு மேல் ஜனங்கள். பாதி ஆட்டம் வரை புட்ஸ்கிரேயின் கை ஓங்கியிருந்தது. பிறகு அவர்களுக்குக் கால் கனத்தது, ஹாதார்ன்காரர்களுக்குக் கனக்கவில்லை. 94-க்கு 51 என்று முப்பத்தாறு வருஷக் காத்திருப்பு முடிவுக்கு வந்தது. அன்றோடு கோடைப் பயிற்சியின் மகிமை எல்லோருக்கும் தெரிந்து போயிற்று. ரிச்மண்டில் டாம் ஹேஃபி வந்தார். ஓட்டம், தண்டால், மறுபடி ஓட்டம். 1943-க்குப் பிறகு வெற்றியே காணாத ரிச்மண்டுக்கு 1967, 1969, 1973, 1974 ஆகிய நான்கு வருஷங்களில் கோப்பை வாங்கிக் கொடுத்தார். அவர் பிறருக்குச் சொன்னதைத் தாமும் செய்தவர். எண்பது வயது தாண்டியும் விடியற்காலையில் எழுந்து ஓடி, தண்டால் எடுத்து, கடலில் குளித்தார். 2014-ல், எண்பத்திரண்டு வயதில் காலமானார்.

மூச்சு மட்டும் போதுமா? கைவித்தையும் வேண்டும். 1970 இறுதி ஆட்டத்தில் அது நிரூபணமாயிற்று. பார்த்தவர்கள் 1,21,696 பேர். இன்றுவரை அந்த ஆட்டத்தில் அதை மிஞ்சிய கூட்டம் கூடியதில்லை. பாதியில் காலிங்வுட் 44 புள்ளி முன்னால் நின்றது. கார்ல்டன் பயிற்சியாளர் ரான் பராசி இடைவேளையில் தம் ஆட்களிடம், பந்தைக் கையால் குத்திக் கொடுத்துக்கொண்டே ஓடுங்கள் என்று கட்டளையிட்டார். அதுவரை முஷ்டியால் குத்துவது என்பது பெரும்பாலும் வேறு வழியில்லாதபோது செய்யும் காரியம். அன்று அதுவே ஆயுதம் ஆயிற்று. கார்ல்டன் பத்துப் புள்ளியில் ஜயித்தது. இடைவேளையில் சொன்ன உபதேசம் வென்றது என்று கதை சொல்வார்கள். நான் நம்பவில்லை. பழகாத கையால் யாரும் அரை மணி நேரத்தில் புது வித்தை காட்டிவிட முடியாது. கச்சேரியில் வந்து விழும் பிருகா விடியற்காலைச் சாதகத்தின் பலன் அல்லவா?

1990-ல் லீக் தேசம் தழுவியதாகிப் பெயரும் மாறிற்று. பணம் பெருகியது. ஆட்டமே முழுநேர உத்தியோகமாயிற்று. பெரும்பாலும் செப்டம்பர் மாதக் கடைசிச் சனிக்கிழமையோடு பந்தயம் முடிகிறது. நவம்பரில் இளைஞர்கள் பயிற்சிக்குத் திரும்புகிறார்கள், பிறகு மற்றவர்கள். கிறிஸ்துமஸுக்குச் சில நாள் லீவு. மார்ச்சு வரை ஓட்டம். இரண்டு கிலோமீட்டரை ஆறு நிமிஷ அளவில் ஓடி முடிப்பவனுக்கு மதிப்பு. தோள்பட்டைகளுக்கு நடுவே சட்டைக்குள் ஒரு சின்னக் கருவி. எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம் என்று ஆகாயத்துச் செயற்கைக் கோளின் துணையோடு அது கணக்கெழுதுகிறது. சித்திரகுப்தனை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடுவது போலத்தான்! எந்தக் கிரிக்கெட் கோடைக்காக இந்த ஆட்டம் பிறந்ததோ, அந்தக் கோடையையே அது தன் பயிற்சிக்கென்று எடுத்துக்கொண்டுவிட்டது.

இதுவரை வேடிக்கை. இனிச் சொல்லப்போவது அப்படியல்ல.

2011-ம் வருஷக் கடைசியில் எஸ்ஸெண்டன் கிளப் தன் ஆட்களுக்கு உடல் வலிவூட்டும் ஒரு திட்டத்தைத் தொடங்கிற்று. ஊசிமேல் ஊசியாகப் போட்டார்கள். என்ன மருந்து, யார் உடம்பில் எவ்வளவு ஏறியது என்பதற்குச் சரியான பதிவேடுகூட இல்லை. 2013-ல் விஷயம் வெளிவந்தது. கிளப்புக்கு இருபது லட்சம் டாலர் அபராதம். பயிற்சியாளருக்கு ஒரு வருஷத் தடை. 2016 ஜனவரியில் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம், தடை செய்யப்பட்ட பொருளை உட்கொண்டதாக முப்பத்துநாலு ஆட்டக்காரர்களைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. அந்த வருஷம் முழுவதும் அவர்கள் ஆட முடியவில்லை. கையை நீட்டச் சொன்னார்கள், நீட்டினார்கள். நம்பி நீட்டிய கைகளுக்குக் கிடைத்த பரிசு அது.

அதற்கு அடுத்தது இதைவிடச் சூட்சுமமானது. 2017 இறுதி ஆட்டத்தில் அடிலெய்டு கோஷ்டி ரிச்மண்டிடம் 48 புள்ளியில் தோற்றது. இறுதிச் சுற்றுகளுக்கு முன்பு பட்டியலில் முதலில் நின்ற கோஷ்டி! உடம்பில் குறையில்லை, மனத்தில்தான் குறை என்று யாரோ முடிவு கட்டினார்கள். 2018 ஜனவரியில் மனத்தை உரமாக்குவதற்கென்று ஒரு முகாம் நடந்தது. எட்டி பெட்ஸ் அந்தக் கோஷ்டியின் கண்ணுக்குக் கண்ணான வீரர், ஆதிவாசி வம்சத்தவர். 2022-ல் தம் சுயசரிதையில் அந்த முகாமைப் பற்றி எழுதினார். அந்தரங்கம் என்று நம்பித் தம் பிள்ளைப் பருவத்தைப் பற்றிச் சொன்னவற்றையெல்லாம், முகாமில் தம் முகத்துக்கு நேரே வசையாகத் திருப்பிக் கூவினார்கள் என்றார். தம் இனத்தாரின் புனிதமான வழக்கங்களையும் மரியாதையின்றிக் கையாண்டதாகச் சொன்னார். ஆட்சேபித்ததும் தலைமைக் குழுவிலிருந்து தாம் நீக்கப்பட்டதாகவும் எழுதினார். கிளப்பும் லீக்கும் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டன. முகாமால் கோஷ்டி பலம் பெற்றதா? அந்த வருஷம் அது பன்னிரண்டாவது இடத்துக்கு இறங்கியது.

கென்னடி கேட்டது கால்களை, மூச்சை. எஸ்ஸெண்டனில் இரத்தத்தைக் கேட்டார்கள். அடிலெய்டில் அம்மாவின் மடியில் சொல்லி அழவேண்டிய விஷயங்களையும் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொரு படியிலும் காரணம் ஒன்றுதான்: எதிராளியைவிட ஒரு படி அதிகமாகத் தயாராக வேண்டும். எங்கே நிற்பது என்று மட்டும் ஒருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

எங்கே நிற்பது? இதற்கு என்னிடம் சட்டப் புத்தகம் இல்லை. ஆனால் எங்கள் டிரில் மாஸ்டரின் ஞாபகம் வருகிறது. பெரிய மீசை, பெரிய விசில், இடி முழக்கம் போன்ற குரல். அபூர்வமாக நான் வகுப்புக்குப் போன ஒரு நாள், பத்தாவது சுற்றில் எனக்கு முன்னால் ஓடிய ஒரு பையனை அவர் நிறுத்தினார். அவன் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவர் அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ராத்திரி சாப்பிட்டாயா?" என்று மெதுவாகக் கேட்டார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். வேப்பமரத்து நிழலில் உட்காரச் சொல்லிவிட்டு, எதுவுமே நடக்காதது போல எங்களை விரட்டினார். வகுப்பு முடிந்ததும் அவனைக் கூட்டிக்கொண்டு காண்டீன் பக்கம் போனதைப் பார்த்தேன். அவரிடமிருந்து தப்பித்து ஓடியதற்காக முதல் முறையாக வெட்கப்பட்டது அன்றுதான்.

மெல்போர்ன் மைதானத்திலும் அன்று காலை கடைசிச் சுற்று ஓடினார்கள். எல்லோரும் முடித்துவிட்டார்கள், ஒருவன் மட்டும் பின்தங்கித் தள்ளாடி வந்துகொண்டிருந்தான். வாந்தியெடுத்தானே, அவன்தான். முடித்தவர்களில் இரண்டு பேர் யாரும் சொல்லாமலே திரும்பி ஓடிப்போய், அவனுக்கு இரண்டு பக்கமும் சேர்ந்துகொண்டு மெதுவாக ஓடி வந்தார்கள். பயிற்சியாளர் கையிலிருந்த கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வேலியோரத்துக் கிழவர்கள் கைதட்டினார்கள்.

கோப்பை கிடைக்குமா கிடைக்காதா என்பது செப்டம்பரில் தெரியும். எனக்கென்னவோ, அந்தக் கிழவர்கள் எதைப் பார்க்க வருகிறார்கள் என்பது அப்போதே விளங்கிவிட்டது.